இடது கையால் எழுதிய சீட்டு

பழனியம்மாளுக்குத் தன்மேல் சந்தேகம் வந்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவற்றில் மூன்று நாட்கள் 1937ஆம் வருஷம் ஒரே மாதத்தில் வந்து சேர்ந்தன. அதற்கு முன்னும் பின்னும் அவள் நிமிர்ந்த தலை நிமிர்ந்தபடியேதான் நடந்தாள். இடுப்பில் சாவிக்கொத்து குலுங்கும் சத்தத்தைக் கேட்டே, அவள் எந்தக் கட்டடத்தைத் தாண்டுகிறாள் என்று விடுதிப் பெண்கள் சொல்லிவிடுவார்கள்.

வெண்ணந்தூரில் ஒரு நெசவுக்கார வீட்டில் நான்காவது பெண்ணாகப் பிறந்தவள். எட்டாவது வரை படித்தாள். இருபத்திரண்டு வயதில் ராசிபுரம் சாலையில் இருந்த பெண்கள் ஆசிரியப் பயிற்சிப் பள்ளிக்கு வேலைக்கு வந்தாள். முதலில் கொடுத்தது விடுதி உக்கிராணம். அரிசி, பருப்பு, புளி, எண்ணெய் எல்லாம் அவள் பூட்டுக்குள். சமையல்காரி வந்து நின்றால் "என்ன வேணும்?" என்று ஒரு அதட்டல், அப்புறம் அளவு, அப்புறம் பூட்டு. ஏழு வருஷத்தில் ஒரு படி அரிசி குறைந்ததில்லை. நூலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஆசிரியைக்குக் கல்யாணமாகிக் கோயமுத்தூர் போனதும், பள்ளியின் நிர்வாகக் குழுவுக்குச் சட்டென்று ஞாபகம் வந்த பெயர் பழனியம்மாள். அரிசியைக் காத்தவள் புத்தகத்தைக் காக்க மாட்டாளா?

நன்றாகவே காத்தாள். ஆறு அலமாரி, ஆயிரத்து முந்நூற்று நாற்பது புத்தகம், எல்லாம் பூட்டோடு. புத்தகம் வேண்டும் என்கிற பெண் அவள் மேசைக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். "என்ன வேணும்?" என்று அதே உக்கிராணத்து அதட்டல் வரும். பெயரைச் சொன்னால் எழுந்து, திறந்து, எடுத்து, மறுபடி பூட்டுவாள். பிறகு அந்தப் பெண் பதிவேட்டில் புத்தகத்தின் பெயர், எண், தேதி, தன் பெயர் எல்லாவற்றையும் அவள் கண்ணெதிரே தன் கையால் எழுத வேண்டும். எழுத்து கோணினால் போச்சு. "நாளைக்கு வாத்திச்சியாப் போறவ எழுதற எழுத்தா இது? கோழி சீச்சாப்பல இருக்குது" என்பாள். அப்படிச் சொன்னால் பிள்ளைகள் திருந்துவார்கள் என்று அவள் மனதார நம்பினாள். அந்தப் பதிவேட்டை யார் கேட்டாலும் பெருமையோடு நீட்டுவாள். ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது.

மத்தியானம் மணி அடித்ததும் அறையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குச் சாப்பிடப் போய்விடுவாள். நாலு வருஷம் இப்படியே நடந்தது.

அந்த வருஷம் ஆடி மாதம் பள்ளிக்கு நாலு தையல் இயந்திரங்கள் வந்து இறங்கின. வைக்க இடமில்லை. நிர்வாகக் குழுவின் காரியதரிசி சின்னுசாமி, பக்கத்து ஊரில் நாலு கிணறும் ஏரி வாய்க்கால் பாசனமும் வைத்திருந்த பெரிய விவசாயி. அதிகம் பேச மாட்டார். எதையும் எண்ணிப் பார்க்காமல் முடிவு கட்ட மாட்டார். பதிவேட்டை வாங்கிப் புரட்டினார். அடித்தல் திருத்தல் இல்லாத அந்தப் பதிவேட்டில் அந்த மாதம் பத்தொன்பது வரிகள்தான் இருந்தன. படிக்கிற பெண்களோ நாற்பத்தாறு பேர்.

"ஏனுங்க, இதுக்கா இத்தாப்பெரிய அறை?" என்றார் தலைமையாசிரியை சௌந்தரவல்லியிடம்.

தலைமையாசிரியை கும்பகோணத்துப் பக்கத்துக்காரர், கண்டிப்பானவர், ஆனால் குழுவுக்கு எதிராக ஒரு வார்த்தை பேச மாட்டார். பேச்சு அங்கேயே முடிவாகிவிடும் போலிருந்தது. அலமாரிகளைத் தாழ்வாரத்துக்கு நகர்த்துவது, சனிக்கிழமை மட்டும் தலைமையாசிரியையே புத்தகம் எடுத்துக் கொடுப்பது, நூலக அறையில் தையல். உக்கிராணத்துக்கு வேறு ஆள் வந்து நாலு வருஷம் ஆகிவிட்டதால், பழனியம்மாளுக்கு வீடுதான். ஆனால் சின்னுசாமி நியாயஸ்தர். "படிக்கற புள்ளைங்க கிட்டயே ஒரு வார்த்தை கேட்டுருங்க. அவங்களுக்கு வேணும்னா இருந்துட்டுப் போகட்டும். அமாவாசைக்கு மறுநாள் கூட்டம் வெச்சிருக்குது. அதுக்குள்ள எழுதி வாங்கிருங்க" என்றார்.

பழனியம்மாள் இதைக் கேட்டுப் பதறவே இல்லை. தன் பிள்ளைகள் தன்னை விட்டுக் கொடுக்க மாட்டார்கள் என்று அவளுக்கு அத்தனை தைரியம். ஒரு புது நோட்டு வாங்கி, மேலே 'நூலகத்தைப் பற்றிய அபிப்பிராயம்' என்று எழுதி, விடுதிச் சாப்பாட்டுக்கூடத்தில் ஒவ்வொரு பெண்ணிடமும் தானே கொண்டுபோய் நீட்டினாள். அவர்கள் எழுதும் வரை பக்கத்திலேயே நின்றாள். எழுத்து கோணக்கூடாதே.

நாற்பத்தாறு பேரும் எழுதினார்கள். 'எல்லாம் திருப்தி.' 'எல்லாம் மிகவும் திருப்தி.' 'அக்காவுக்கு நன்றி.' எடப்பாடிப் பக்கத்திலிருந்து வந்த பாவாயி என்ற பெண் மட்டும் வியர்த்து வழிந்து, ஆடி ஆடி நிற்கும் எழுத்தில் 'திருப்தி' என்று ஒரே ஒரு சொல் எழுதினாள். கூலிவேலை செய்யும் வீட்டுப் பெண்; வாய் திறந்து பேசி யாரும் கேட்டதில்லை. பழனியம்மாள் அந்த எழுத்தைப் பார்த்து உச்சுக் கொட்டிவிட்டு அடுத்த பெண்ணிடம் நகர்ந்தாள்.

இரண்டு நாள் கழித்து, பள்ளிக் கிணற்றில் தூர் வாருவதைப் பார்க்க வந்த சின்னுசாமியிடம் கூட்டம் வரை பொறுக்க மாட்டாமல் நோட்டைக் கொடுத்தாள். அவர் வேப்பமரத்தடியில் நின்றபடி ஒரு பக்கம் விடாமல் படித்தார்.

"அறையை எடுத்துக்கலாம் போலத்தான் இருக்குதம்மா" என்றார்.

பழனியம்மாளுக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்றே சந்தேகம் வந்துவிட்டது. "எல்லாரும் திருப்தின்னுதானுங்களே எழுதியிருக்கறாங்க?"

"அதைத்தான் சொல்றேன். எங்க வாய்க்கால்ல தண்ணி முறை வெச்சிருக்கறோம். தண்ணி வேணுங்கறவன் மடை அடைச்சிருக்குது, முறை தப்பிப் போச்சுன்னு தெனமும் சண்டைக்கு வருவான். ஒருத்தன் சண்டைக்கே வரலைன்னு வெச்சுக்கங்க, அவன் அந்த வருஷம் வெள்ளாமையே வெக்கலைன்னு அர்த்தம். நாப்பத்தாறு பேர்ல ஒருத்திக்குக் கூட ஒரு கொறை இல்லையா? அப்ப ஒருத்தியும் உள்ள வர்றதில்லைம்மா." அவர் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

அது முதல் நாள். பழனியம்மாளுக்குக் கோபம் தலைக்கேறியது. நல்லது சொன்னாலும் குற்றம், கெட்டது சொன்னாலும் குற்றம் என்றால் மனுஷி என்னதான் செய்வாள்? வீட்டில் புருஷனிடம் இரண்டு வேளை முகம் கொடுத்துப் பேசவில்லை. தான் என்ன தப்பு செய்தோம் என்று அந்த அப்பாவி மனிதருக்குக் கடைசி வரை தெரியாது.

அந்த வாரக் கடைசியில் வெண்ணந்தூரில் ஒரு சீர் விருந்து. பந்தியில் உட்கார்ந்திருந்தாள். ரசம் அருமையாக இருந்தது. இன்னொரு கரண்டிக்கு நாக்கு ஏங்கியது. பரிமாறிக்கொண்டு வந்த வீட்டுக்காரம்மா அவள் முன்னால் கரண்டியோடு நின்று "போதுங்களா? இன்னுங் கொஞ்சம்?" என்று கேட்டாள். "நெறஞ்சுதுங்க, போதும்" என்று பழனியம்மாளின் வாய் தானாகச் சொன்னது. வீட்டுக்காரம்மா சந்தோஷமாக அடுத்த இலைக்குப் போனாள். பழனியம்மாள் இலையைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தானும் அந்த நோட்டை இப்படித்தானே நீட்டினாள், கரண்டியோடு எதிரில் நின்றுகொண்டு? எந்தப் பிள்ளை மூஞ்சிக்கு நேராகப் போதவில்லை என்று சொல்லும்?

வீடு திரும்பும்போதே வழி கண்டுபிடித்துவிட்டாள். அவள் மூளை உட்கார்ந்து அழுகிற ஜாதி இல்லை.

திங்கட்கிழமை காலை நூலக வாசலுக்கு வெளியே, அவள் மேசையிலிருந்து பார்த்தால் தெரியாத மூலையில், வாய் குறுகின ஒரு மண்கலயத்தை வைத்தாள். பக்கத்தில் இரண்டு முறம். ஒன்றில் புளியங்கொட்டை, இன்னொன்றில் கொட்டமுத்து என்கிற ஆமணக்கு விதை. காலைப் பிரார்த்தனையில் எழுந்து சொன்னாள்: "நூலகத்துப் பக்கம் வந்து, தேடினது கெடச்சுதுன்னா ஒரு புளியங்கொட்டை. கெடைக்கலைன்னாலும், உள்ள வராமயே திரும்பிப் போனாலும் ஒரு கொட்டமுத்து. கையை மூடி உள்ள விட்டு எடுத்துருங்க. யாரு என்ன போட்டாங்கன்னு சாமிக்குத்தான் தெரியும்."

ஒரு வாரம் கழித்துக் கலயத்தைத் தரையில் கவிழ்த்தாள். புளியங்கொட்டை முப்பத்தொன்று. கொட்டமுத்து நூற்றுப் பன்னிரண்டு. மறுபடி எண்ணினாள். நூற்றுப் பன்னிரண்டுதான்.

அது இரண்டாவது நாள். மனசு சுருக்கென்றது. அலமாரியைத் தூசு தட்டி, கறையானுக்கு வேப்பிலை வைத்து, குழந்தை மாதிரி பார்த்துக்கொண்ட இடம். நூற்றுப் பன்னிரண்டு தடவை யாரோ வாசல் வரை வந்து வெறுங்கையோடு போயிருக்கிறார்கள், அவளோ உள்ளே மேசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்திருக்கிறாள். தலைமையாசிரியை எட்டிப் பார்த்துவிட்டு, "இதைக் குழுவுக்குச் சொல்லாதீர்கள், பழனியம்மாள். கொட்டித் தொலையுங்கள்" என்றார். பழனியம்மாள் கொட்டமுத்தை எல்லாம் ஒரு துணியில் முடிந்து மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினாள்.

ஏன் போகிறார்கள் என்று விதை சொல்லாது. எழுதித்தான் தெரிய வேண்டும். எழுதச் சொன்னால் அத்தனை பேர் கையெழுத்தும் அவளுக்கு மனப்பாடம். நாலு வருஷப் பதிவேடு சும்மாவா? அது பிள்ளைகளுக்கும் தெரியும். மறுநாள் பிரார்த்தனையில் மறுபடி எழுந்தாள்.

"ஆளுக்கொரு சீட்டு. ஏன் கொட்டமுத்து போட்டீங்கன்னு எழுதிக் கலயத்துல போடுங்க. பேரு வேண்டாம். எல்லாரும் எடது கையில எழுதோணும். கையெழுத்து எனக்குத் தெரியாது."

கூட்டத்தில் சலசலப்பு. பெரியவர்களுக்கு இடது கையால் ஒரு வெற்றிலை கூட நீட்டாத ஊர். ஒரு பெண் எழுந்து, "அக்கா, எடது கையில எழுதி உங்களுக்குக் குடுக்கறது மரியாதைக் கொறைச்சலுங்களே" என்றாள்.

"அந்த மரியாதைதான் வேண்டாங்கறேன் அம்மிணி. நாலு நாளைக்கு மரியாதையைக் கட்டி வெச்சிருங்க."

அந்த ஒரு வார்த்தை மடையைத் திறந்துவிட்டது. மரியாதை வேண்டாம் என்று அக்காவே சொன்ன பிறகு யார் சும்மா இருப்பார்கள்? நாலாம் நாள் கலயம் நிரம்பி வழிந்தது. கோணலும் மாணலுமாக, நண்டு ஊர்ந்த மாதிரி எழுத்துகள். ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தாள்.

'மத்தியானம் பூட்டி விடுகிறார்கள். எங்களுக்கு அப்போதுதான் நேரம்.'

'அலமாரியில் என்ன இருக்கிறதென்றே தெரியாது. பெயர் தெரியாத புத்தகத்தை எப்படிக் கேட்பது?'

'என்ன வேணும் என்று அக்கா கேட்டால் எனக்கு வேண்டியது மறந்து போகிறது.'

'மூன்றாம் வகுப்புக்குப் பூச்சிகளைப் பற்றிப் பாடம் நடத்தச் சொல்கிறார்கள். படம் போட்ட புத்தகம் வேண்டும்.'

'அக்கா அரிசி போடுவது போல் புத்தகம் போடுகிறார்கள்.'

இதற்குச் சிரித்துவிட்டாள். உண்மை உண்மைதானே. நாற்பத்தைந்து சீட்டுகளை அடுக்கிவிட்டு, கலயத்தின் அடியில் நாலாக மடித்துக் கிடந்த கடைசிச் சீட்டைப் பிரித்தாள்.

அது கோணவில்லை. முத்து முத்தாக, வரி பிசகாமல், அவள் பதிவேட்டிலேயே இல்லாத அழகோடு ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தது.

'நான் வந்த முதல் வாரம் ஒரு புத்தகம் எடுத்தேன். பதிவேட்டில் எழுதும்போது கோழி சீய்த்தது போல் இருக்கிறது என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வலது கையில் எழுத்து வராது. சின்ன வயதில் கையைக் கட்டிப் போட்டும் வரவில்லை. ஆசிரியப் பயிற்சியில் இடது கை கூடாது என்று சொல்லித்தான் சேர்த்துக்கொண்டார்கள். பதிவேட்டில் எழுதாமல் புத்தகம் கிடையாது. ஆகையால் நான் மறுபடி வரவில்லை. ஜன்னல் வழியாக நாலாவது அலமாரியின் முதுகுகளை மட்டும் படித்துக்கொண்டிருக்கிறேன். கொட்டமுத்தில் இருபது நான் போட்டது.'

அது மூன்றாவது நாள். பழனியம்மாள் அன்று அழுதாள். நியாயமாக அழ வேண்டிய அழுகைதான். நடுவில் நிறுத்த அவள் முயலவில்லை. ஆடி ஆடி நின்ற அந்த 'திருப்தி' அவள் கண்முன் வந்தது. அந்தப் பெண் அந்த ஒரு சொல்லை எழுத எத்தனை வியர்த்தாள் என்பதும் ஞாபகம் வந்தது.

அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்து, ஆறு அலமாரிகளையும் திறந்தாள். கதவுகள் மறுபடி சாத்தாதபடி ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு செங்கல் வைத்தாள். ஒரு புத்தகம் காணாமல் போனாலும் அவள் தலைதான் உருளும் என்பது விதி. அவளுக்குத் தெரியாதது இல்லை. பதிவேட்டை மூடி, புத்தகப் பெயரையும் எண்ணையும் தானே எழுதி வைத்த சீட்டுகளை ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும் செருக ஆரம்பித்தாள். எடுப்பவள் அந்தச் சீட்டை மேசையில் வைத்துவிட்டுத் தன் பெயரைச் சொன்னால் போதும். பதிவேட்டில் எழுதுவது இனி பழனியம்மாள் வேலை. மத்தியானச் சாப்பாடு தூக்குப்போசியில் நூலகத்துக்கே வந்தது.

அமாவாசைக்கு மறுநாள் குழு கூடியது. தலைமையாசிரியை அந்தப் பழைய நோட்டைக் கேட்டு வாங்கி மேசைமேல் வைத்திருந்தார், 'எல்லாம் திருப்தி' பக்கம் மேலே தெரியும்படி. பழனியம்மாள் துணி மூட்டையை அவிழ்த்து, நூற்றுப் பன்னிரண்டு கொட்டமுத்தையும் அந்த நோட்டின் மேலேயே கொட்டினாள். சில உருண்டு தரையில் விழுந்தன.

"இது என்னம்மா?" என்றார் சின்னுசாமி.

"கொறைங்க. நீங்க கேட்டது." அவள் சீட்டுகளை எடுத்து வாசிக்க ஆரம்பித்தாள். பூட்டு, மத்தியானம், பூச்சிப் படம், அதட்டல், அரிசி. தன்னைப் பற்றியதில் ஒன்றையும் விடவில்லை, குரலும் தாழவில்லை. தலைமையாசிரியை இரண்டு தடவை இருமினார். கடைசியாக அந்த நாலாக மடித்த சீட்டை விரித்தாள். கோழி சீய்த்தது என்பதைப் படித்தாள், சிரித்தார்கள் என்பதைப் படித்தாள், ஜன்னலைப் படித்தாள். கை சம்பந்தமான வரிகளை மட்டும் கண்ணால் தாண்டிப் போனாள்.

சின்னுசாமி கையை நீட்டினார். "குடுங்க, பாக்கறேன்."

அந்த எழுத்தைத் தலைமையாசிரியை ஒரு தடவை பார்த்தால் போதும், இடது கையில் இப்படி எழுதக்கூடியவள் யார் என்று விசாரித்துப் பாவாயியை எடப்பாடிக்கு வண்டி ஏற்றிவிடுவார். பழனியம்மாள் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"தர மாட்டனுங்க."

காரியதரிசி கேட்டதை அந்தப் பள்ளியில் அதுவரை யாரும் மறுத்ததில்லை.

"யாருன்னு தெரியக்கூடாதுன்னு சொல்லித்தான் எழுதி வாங்கினேனுங்க. என்னை ஊட்டுக்கு அனுப்பறதுன்னா அனுப்புங்க. வாசிச்சுக் காட்டறது என் கடமை, காட்டிட்டேன். காயிதம் என்னுது."

சின்னுசாமி நீட்டின கையை மெதுவாக மடக்கிக்கொண்டார். மேசையிலிருந்த கொட்டமுத்தில் ஒன்றை எடுத்து விரலிடுக்கில் உருட்டினார். "தண்ணி வேணுங்கறவங்க இத்தனை பேர் இருக்கறாங்களா?" என்றார். பிறகு தலைமையாசிரியையின் பக்கம் திரும்பினார். "தையல் மிசினைச் சாப்பாட்டுக்கூடத்துல போட்டுக்கலாமுங்க. பூச்சிப் படம் போட்ட புஸ்தகம் எங்க கெடைக்கும்னு விசாரிச்சுச் சொல்லுங்க." தரையில் உருண்டு கிடந்த விதைகளையும் குனிந்து பொறுக்கி அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம் நூலகத்தில் இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். எல்லா அலமாரியிலும் கைகள். நாலாவது அலமாரியின் முன்னால் பாவாயி நின்றுகொண்டிருந்தாள். பழனியம்மாள் எழுந்து வருவதைப் பார்த்ததும் அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. எழுத்து காட்டிக் கொடுக்கும் என்று எழுதி முடித்த பிறகுதான் அவளுக்கும் உறைத்திருக்க வேண்டும்.

"நான் வேணும்னு எழுதலைங்கக்கா" என்றாள், கேட்டும் கேட்காத குரலில்.

பழனியம்மாள் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்தாள். பதினோரு வருஷமாக வீட்டுக்குப் போனாலும் அவிழ்க்காத கொத்து. "நாளையிலிருந்து மத்தியானம் நான் சாப்படற நேரம் நீ மேசையில உக்காரோணும். வாரவங்க பேரை நீதான் பதிவேட்டுல எழுதோணும். யாரு கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கறேன். இந்தா."

பாவாயி பதறி, பழக்கத்தில் வலது கையை நீட்டினாள்.

பழனியம்மாள் கொத்தைக் கொடுக்கவில்லை. "அந்தக் கை வேண்டாஞ் சாமி," என்றாள். "எழுதற கையில வாங்கு."